வாடகை வீட்டில் கணப்பு: குளிர் நாட்டுக்கு விடுமுறை போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பள்ளி விடுமுறையில் இங்கே வேர்த்து வழியும். நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் அப்போது குளிர்காலம். விமானச் சீட்டு எடுத்தாயிற்று, ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாயிற்று, அதன் கூடத்தில் கணப்பு எரியும் படத்தையும் குடும்பக் குழுவில் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் யாராவது கேட்கிறார்கள்: இதை மூட்டப் போவது யார்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நெருப்பு என்றால் எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகுவதுதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்பு உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டிசம்பரில் இங்கிலாந்துக்கோ ஜப்பானுக்கோ போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் அம்மா ஊரில் விறகடுப்பில் சமைத்தவர். அவர் இருக்கும்போது நாங்கள் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதி விலைமதிப்பற்றது. எது காய்ந்த விறகு, சுள்ளியை எப்படி அடுக்குவது, எப்போது ஊத வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும். மற்றப் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஊர் அடுப்படியில் ஓட்டு இடுக்கு வழியாகவும் வாசல் வழியாகவும் புகை எப்படியோ வெளியேறிவிடும். குளிர் நாட்டு வீடு அப்படியில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் காற்று நுழையாதபடி இறுக மூடிக் கட்டியிருப்பார்கள். புகை வெளியேற ஒரே வழி புகைபோக்கி. அது அடைபட்டாலோ, காற்று எதிர்த்திசையில் இறங்கினாலோ, எல்லாம் நீங்கள் படுத்திருக்கும் அறைக்குத்தான் வரும். சுடரைப் பார்த்துப் பயப்படுவது நமக்கு இயல்பாகவே வருகிறது. இந்த வீடுகளில் கவனிக்க வேண்டியது காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்பதை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

இன்னொன்று: மழை நாளில் ஈர விறகின்மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய பழக்கம். அதை எக்காரணம் கொண்டும் அங்கே செய்யக் கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் கணப்பின் பக்கமே போகக் கூடாது. ஆவி பரவி, தீக்குச்சியை நீட்டும் கையை நோக்கியே தீ பாயும்.

வீட்டை முன்பதிவு செய்யும்போது உரிமையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில், கணப்பு உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறதா என்று. பழைய வீடுகள் பலவற்றில் புகைபோக்கியை மேலே அடைத்துவிட்டு, கீழே அழகுக்கு மெழுகுவத்தி வைத்திருப்பார்கள். அதில் விறகை வைத்துக் கொளுத்தினால் கதை முடிந்தது. சில வீடுகளில் இருப்பது விறகு போலவே செய்த எரிவாயுக் கணப்பு. அதில் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போடக் கூடாது.

அடுத்து, புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும். “போன குளிர்காலத்துக்குப் பிறகு செய்தோம்” என்று சட்டென்று பதில் வந்தால் நல்ல வீடு. “அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மழுப்பினால், வெப்பத்துக்கு மின்சார ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிட்டுக் கணப்பை மறந்துவிடுங்கள். விறகு அவர்கள் தருவார்களா, புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருக்கின்றனவா என்பவையும் கேட்க வேண்டியவை.

திறந்த கணப்புக்கும் கதவு வைத்த இரும்பு அடுப்புக்கும் என்ன வித்தியாசம்?

திறந்த கணப்பு பார்க்க அழகு. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையில் இருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எதிரே உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு நடுங்கும். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு, நியூசிலாந்தில் லாக் பர்னர் என்பார்கள், குறைந்த விறகில் வீட்டையே சூடாக்கும். காற்று வரும் அளவைக் கட்டுப்படுத்த அதில் ஒரு பிடி இருக்கும். தீப்பொறியும் வெளியே தெறிக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான். ஆனால் அதன் கண்ணாடியும் இரும்பும் தொட்ட மாத்திரத்தில் தோலை உரித்துவிடும் அளவுக்குச் சுடும் என்பதை மறக்க வேண்டாம்.

நல்ல விறகு எது? எங்கே வாங்குவது?

அந்த ஊர்களில் பெட்ரோல் நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் பையில் கட்டி விற்பார்கள். மரத்தின் இனத்தைவிட அதன் ஈரம்தான் முக்கியம். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அதைப் பிளந்து, மழை படாமல், காற்று படும்படி அடுக்கி, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை காய வைத்தால் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும். எரிப்பதற்கு உகந்த அளவு அதுதான். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பையில் ‘ரெடி டு பர்ன்’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். மற்ற இடங்களில் உங்கள் கையும் காதும்தான் கருவி. காய்ந்த கட்டை அளவுக்கு மீறிக் கனக்காது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். பச்சை விறகு ‘தொப்’ என்று சத்தமே இல்லாமல் போகும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை விரலால் நெம்பினாலே கழன்று வரும்.

பச்சை விறகை எரித்தால் அதன் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். வெட்டுமுகத்தில் நுரை கொப்பளித்துக்கொண்டு ‘உஸ்’ என்று சீறும். அறையும் சூடாகாது. அதைவிட மோசமானது, குறைச் சூட்டில் எழும் புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படிந்து கருப்பாகத் தார் போல ஒட்டிக்கொள்ளும். கிரியோசோட் என்று அதற்குப் பெயர். அது தீப்பிடிக்கும் பொருள். புகைபோக்கித் தீவிபத்துக்கு மூலகாரணமே இதுதான்.

இனத்தைப் பற்றி ஓரிரு சொல்: பைன் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும், மூட்டுவதற்கு நல்லது. நியூசிலாந்தில் கிடைக்கும் மனுகாவும் ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் வகைகளும் நின்று எரியும். மேக்ரோகார்ப்பா என்ற மரம் பொறி தெறிக்கும். அதைத் திறந்த கணப்பில் போட வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் மரத்துண்டுகள் கிடக்கின்றன. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் கிடைக்கும். காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

நம்மவர்களின் சிக்கனம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேலி போன்ற வெளிவேலைகளுக்குப் பயன்படுத்தும் பைன் பலகையைச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலில் பதப்படுத்துவது வழக்கம். லேசாகப் பச்சை நிறம் தெரியும். பழையதாகிவிட்டால் அதுவும் தெரியாது. அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக். சாயம் பூசிய மரம், பிளைவுட், கடலில் ஊறிய உப்புக் கட்டை, பளபளப்புக் காகிதம், பிளாஸ்டிக், பால் அட்டைப் பெட்டி எதுவும் கூடாது. கணப்பு குப்பைத் தொட்டி அன்று. கடையில் விறகு ஒரு பை வாங்குங்கள்.

தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்பு என்ன பார்க்க வேண்டும்?

திறந்த கணப்பாக இருந்தால், புகைபோக்கியின் தொண்டையில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். டேம்பர் என்பார்கள். கணப்பு எரியாதபோது குளிர்காற்று இறங்காமல் இருக்க அதை மூடி வைப்பது வழக்கம். கைப்பேசி விளக்கை அடித்து, தலையை உள்ளே விட்டு அண்ணாந்து பாருங்கள். வானமோ, மேலே போகும் இருட்டுக் குழாயோ தெரிய வேண்டும். இரும்பு தெரிந்தால் தகடு மூடியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தோ தள்ளியோ திறக்க வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு காற்றின் திசை. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். நம் வீட்டுப் பையில் எப்படியும் ஒன்று இருக்கும். புகை உள்ளே சாய்ந்து மேலே போனால் எல்லாம் சரி. உங்கள் முகத்தை நோக்கி வந்தால், புகைபோக்கிக்குள் கனத்த குளிர்காற்று குந்தியிருக்கிறது என்று பொருள். செய்தித்தாளை நீளமாக முறுக்கிக் கொளுத்தி, புகைபோக்கியின் தொண்டை அருகே அரை நிமிடம் உயர்த்திப் பிடித்தால் குழாய் சூடாகி, காற்று மேலே திரும்பும். முறுக்கின் அடிப்பகுதியைப் பிடிக்கும் கையில் தடித்த கையுறை இருக்கட்டும். சமையலறை உறிஞ்சு விசிறியையும் குளியலறை விசிறியையும் நிறுத்துங்கள். அவை வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, இழந்த காற்றை ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கும், புகையோடு சேர்த்து. ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

எப்படி அடுக்கி மூட்டுவது?

நாம் கீழே தாளும் சுள்ளியும் வைத்து மேலே கட்டை அடுக்கித்தான் பழகியிருக்கிறோம். அதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். அடியில் இரண்டு மூன்று பிளந்த கட்டைகளை, நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். அவற்றின்மேல் குறுக்காக மணிக்கட்டுப் பருமனில் சில துண்டுகள். அதற்கும் மேலே கட்டைவிரல் பருமனிலும் அதைவிட மெல்லியதாகவும் உள்ள சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து வரிசை. உச்சியில் சுள்ளிகளுக்கு நடுவே கடையில் விற்கும் தீமூட்டிக் கட்டி ஒன்று, அல்லது முடிச்சுப் போட்ட செய்தித்தாள். மேலே கொளுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்போதுதான் குடும்பத்தில் ஒருவர் வந்து குச்சியால் கிளறுவார். விடக் கூடாது. மேலே எழும் சுடர் முதலில் புகைபோக்கியைச் சூடாக்குகிறது. பிறகு தீ மெதுவாகக் கீழிறங்கும். கீழ்க் கட்டையிலிருந்து எழும் புகை மேலே இருக்கும் சுடரைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் அதுவும் எரிந்துவிடும், புகை குறையும். இரும்பு அடுப்பாக இருந்தால் காற்றுப் பிடியை முழுவதும் திறந்து வைத்து, முதல் கால் மணி நேரம் தீயை நன்றாக எழ விடுங்கள்.

அறைக்குள் புகை வருகிறதே!

டேம்பர், விசிறி, ஜன்னல். இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் விறகு ஈரம், அல்லது புகைபோக்கி அடைப்பு. பறவைக் கூடு அடைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. தீயைத் தானே அடங்க விட்டு, ஜன்னல்களைத் திறந்து, உரிமையாளரைக் கூப்பிடுங்கள். தண்ணீரைக் கொட்டி அணைக்க வேண்டாம். ஆவியும் சாம்பலும் மேலெழுந்து முகத்தில் அடிக்கும். சூடான கல்லும் இரும்பும் விரிசல் விடும். அவசரமாக அணைக்க வேண்டுமானால் கட்டைகளை இடுக்கியால் பிரித்து வைத்து, சாம்பலையோ மணலையோ போட்டு மூடுங்கள்.

மூட்டிய தீ அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் ஒற்றைக் கட்டையை வைத்துவிட்டு எரியும் என்று எதிர்பார்ப்பதால். ஒரு கட்டையின் சூடு இன்னொன்றின் முகத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று கட்டைகள் அருகருகே இருந்தால்தான் தீ நிற்கும். ஒட்டி நெருக்கினால் காற்று இல்லாமல் புகையும், அகல வைத்தால் சூடு இல்லாமல் சாகும்.

அடுத்தது தணல். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குப் பல மணி நேரம் முன்பே விறகை எரித்துத் தணலாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுடர் முழுதும் ஓய்ந்த பிறகும் குழியருகே நிற்க முடியாது. கணப்பிலும் தணல் படுக்கை அமைந்த பிறகுதான் அறை சூடாகத் தொடங்கும். அதுவரை சிறு துண்டுகளாகவே ஊட்ட வேண்டும். பிறகு பெரிய கட்டையை வைக்கும்போது தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, கட்டையைப் பின்னால் மெதுவாக வையுங்கள். தூக்கி எறிந்தால் பொறி பறக்கும். கணப்பின் தளத்தில் ஓர் அங்குலச் சாம்பலை அப்படியே விட்டுவைப்பது தணலைக் காக்கும். முழுவதும் வழித்துத் துடைத்து வைப்பது நம் வீட்டு வழக்கமாக இருக்கலாம், கணப்புக்கு அது உதவாது.

இரும்பு அடுப்பின் கண்ணாடி கறுத்துக்கொண்டே வந்தால் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள், அல்லது விறகு ஈரம். நல்ல தீயில் சுடர் மஞ்சளாகத் துள்ளும், கண்ணாடி தெளிவாக இருக்கும், வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கியில் புகையே தெரியாது. புதுக் கட்டை போடும்போதெல்லாம் சிறிது நேரம் காற்றைக் கூட்டிவிட்டுப் பிறகு படிப்படியாகக் குறையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையில் அவ்வளவு ஆபத்தா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பிலிருந்தும் இந்த வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் இது ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு, குழப்பம். நீண்ட விமானப் பயணக் களைப்பு என்றோ, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எல்லாரும் படுத்துவிடுவார்கள். அதுதான் உயிருக்கு உலை. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, வெளியே போனால் தெளிந்து உள்ளே வந்தால் மறுபடி வலித்தாலோ, யோசிக்கவே வேண்டாம். எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்துவிட்டு அவசர எண்ணை அழையுங்கள். பெட்டியைத் தேட வேண்டாம்.

மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிக் கைப்பையில் எடுத்துப்போவது என் வழக்கம். கணப்பு உள்ள அறையில், அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். படுக்கையறைக்கு இன்னொன்று இருந்தால் இன்னும் நல்லது. புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வெவ்வேறு.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கரியடுப்பில் கோழி சுட்டுப் பழகியவர்களுக்கு இந்த யோசனை எளிதாக வந்துவிடுகிறது: வெளியே மழை என்று கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது, அல்லது சுட்டு முடித்த கரியை அறைச் சூட்டுக்காக உள்ளே வைத்துக்கொள்வது. கூடவே கூடாது. சுடரும் புகையும் இல்லாமல் சிவந்து கிடக்கும் கரி இந்த வாயுவைத் தாராளமாகக் கக்கும். அதை வைத்துக்கொண்டு மூடிய அறையில் தூங்கியவர்கள் பலர் எழுந்ததில்லை.

அப்படியானால் இரவில் எரிய விட்டுத் தூங்கலாமா?

கூடாது. படுப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். மீந்த தணலுக்கு முன்னால் தடுப்பு வலையை வைத்துவிட்டு, டேம்பரைத் திறந்தபடியே விடுங்கள். குளிர் வருகிறது என்று தணல் இருக்கும்போதே அதை மூடினால், முந்தைய பதிலில் சொன்ன வாயுவுக்கு வெளியேற வழியே இருக்காது. சாம்பல் முழுவதும் குளிர்ந்த பிறகே மூட வேண்டும். இரும்பு அடுப்பில் காற்றை இறுக மூடி, விடியும்வரை புகைய விடுவதைச் சிலர் திறமையாகச் சொல்வார்கள். கிரியோசோட் சேர்வதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இரவுக்குப் போர்வை போதும்.

சிறு குழந்தைகளும் பாட்டியும் உடன் வருகிறார்கள்.

கணப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் எதுவும் இருக்கக் கூடாது: கம்பளம், சோபா, விறகுக் கூடை, பொம்மை, காயப்போட்ட காலுறை. ஈரத் துணியை நாற்காலியில் விரித்துக் கணப்பருகே நகர்த்தி வைப்பது நம்மவர்கள் தவறாமல் செய்வது. பாட்டி புடவை கட்டியிருந்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு, சற்றுத் தள்ளிய நாற்காலியில் உட்காரட்டும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டும். விறகு போடுகிறவர் துப்பட்டா, தொங்கும் சால்வை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும். தவழும் குழந்தை இருந்தால் சுவரோடு பூட்டக்கூடிய கம்பித் தடுப்பு வேண்டும். சும்மா நிற்கும் வலை போதாது, பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

ஆடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பற்பசை, மஞ்சள், நெய், இட்லி மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம், யார் சொன்னாலும் சரி.

மாமியார் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட வேண்டும் என்கிறார். கணப்புத் தணலை எடுத்துக்கொள்ளலாமா?

தணலைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு கம்பளம் விரித்த மரத்தரையில் நடப்பதை எண்ணிப் பார்த்தாலே எனக்குப் படபடப்பாக இருக்கிறது. கணப்புக்குள்ளேயே தணல்மேல் ஒரு சிட்டிகை தூவிவிட்டால் போதும். வாசனை கொஞ்சம் வரும், புகை மேலே போய்விடும். நெய் ஊற்றி ஹோமம் மாதிரி எதையும் முயல வேண்டாம், சுடர் திடீரென எழும். புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறது என்று அதைக் கழற்றி வைக்கவும் வேண்டாம். 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் கட்டப்படும் புதிய வீடுகளில் அது கட்டாயம் என்பதால், அதன் அலறல் நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடலாமா?

திறந்த கணப்பில், அலுமினியத் தாளில் சுற்றித் தணல் ஓரத்தில் புதைத்தால் அருமையாக வேகும். பதப்படுத்திய மரம் எதுவும் எரியாத தீயாக இருக்க வேண்டும். கொழுப்பு சொட்டும் இறைச்சி வேண்டாம்.

மகனுக்கு ஆஸ்துமா.

2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டபோது சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு விறகுப் புகை நெஞ்சில் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கணப்புப் புகையிலும் அதே வகை நுண்துகள்தான். திறந்த கணப்பைத் தவிர்த்துவிடுங்கள். இரும்பு அடுப்பிலும் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புகை அறைக்குள் வரும். மருந்துக் குழலைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள். என்னைக் கேட்டால், அந்த விடுமுறைக்கு ஹீட்டர் உள்ள வீடாகப் பார்ப்பேன்.

புகைபோக்கியிலேயே தீப்பிடித்தால் எப்படித் தெரியும்?

குழாய்க்குள்ளிருந்து ஜெட் விமானம் போல ஓர் இரைச்சல் வரும். வெளியே பார்த்தால் உச்சியிலிருந்து பொறியும் சுடரும் கிளம்பும். உள்ளே வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டலாம். சுவர் வழியாகக் கூரை மரத்துக்குத் தாவும். இரும்பு அடுப்பாக இருந்தால் கதவையும் காற்றுப் பிடியையும் மூடிவிட்டு வெளியேறுங்கள். திறந்த கணப்பாக இருந்தால் எதையும் தொடாமல் வெளியேறுங்கள். நியூசிலாந்தில் 111, ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999, ஜப்பானிலும் தென்கொரியாவிலும் 119, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. பதற்றத்தில் விரல் சிங்கப்பூரின் 995-ஐத்தான் தேடும். அதனால் போய் இறங்கியதுமே அந்த ஊர் எண்ணையும் வீட்டின் முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இரைச்சல் தானாக அடங்கினாலும், நிபுணர் வந்து பார்க்கும்வரை அந்தக் கணப்பை மறுபடி மூட்டக் கூடாது.

இங்கிருந்து என்ன எடுத்துப்போகலாம்?

தீமூட்டிக் கட்டிகளை விமானத்தில் ஏற்ற முடியாது; பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. தீப்பெட்டியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கைக் கருவி, தடித்த தோல் கையுறை, சிறு கைவிளக்கு ஆகியவை போதும். பூசைக்கென்று சமித்துக் குச்சி, மாவிலை, தர்ப்பை எடுத்துப்போகிறவர்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விமான நிலையத்தில் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் உறுதி.

போவதற்கு முன்பு சிங்கப்பூரில் பழகிப் பார்க்க வழி உண்டா?

வீவக வீட்டில் கிடையாது. மாடத்தில் சட்டி வைத்துச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பூங்காவில் அனுமதி பெற்று அடுப்பு எடுத்துக் கரி மூட்டிப் பார்க்கலாம். காற்றுக்கு இடைவெளி விடுவதும், அவசரப்பட்டுக் கிளறாமல் இருப்பதும் அங்கே கைவரும். பூங்காவில் கிடக்கும் கிளைகளைப் பொறுக்கி எரிக்கக் கூடாது. புகைபோக்கியைப் பற்றி அந்த அடுப்பு உங்களுக்கு எதையும் சொல்லித்தராது.

காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாம்பலை அள்ளிக் குப்பையில் போட்டுவிடலாமா?

நல்ல விருந்தாளியாக இருக்க ஆசைப்பட்டு வீட்டையே எரித்துவிடும் வழி இது. மேலே வெள்ளையாகக் குளிர்ந்து தெரியும். உள்ளே நீறு பூத்த நெருப்பு. மூன்று நான்கு நாள் கழித்தும் கங்கு கிடக்கும். பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டி, குப்பைத் தொட்டி, தூசு உறிஞ்சி எதிலும் அதைப் போடக் கூடாது. நடுவில் அள்ள வேண்டியிருந்தால், மூடி போட்ட உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மண்ணிலோ கல்லிலோ வையுங்கள், மரத்தளத்தில் வேண்டாம். கடைசி நாளில் அதைச் செய்யவே வேண்டாம். முந்தைய இரவே தீ மூட்டுவதை நிறுத்திக்கொண்டு, சாம்பலைக் கணப்பிலேயே விட்டு, வலையை முன்னால் வைத்து, “நேற்று இரவு எரித்தோம், சாம்பல் இன்னும் சூடாக இருக்கலாம், டேம்பர் திறந்திருக்கிறது” என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். துப்புரவுக் கட்டணம் ஏற்கெனவே உங்கள் பில்லில் இருக்கிறது.